அழகம்மா கேட்ட கண்ணாடி

"ஆபரேஷன் எந்தக் கண்ணுலம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஹுசைன் கறுப்புக் கண்ணாடிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

ஹட்டன் கடைத்தெருவில் இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். தோட்டத்துப் பெண்கள் கறுப்புக் கண்ணாடி கேட்டு வந்தால் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கேட்கவே வேண்டியதில்லை, மரியாதைக்குக் கேட்டு வைப்பார்.

வந்திருந்தவள் அழகம்மா. பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல், ஒரு நாள் பேரையும் அதற்கான சம்பளத்தையும் விட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தாள். முஸ்லிம் கடைக்காரரை நானா என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"கண்ணு நல்லாத்தாங்க இருக்கு நானா. கிளைடர்ல போட்டுக்கிற மாதிரி வேணும்."

ஹுசைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழகம்மா பொறுமையாக விளக்கினாள். அது எஞ்சின் இல்லாத விமானம். வேறொரு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மேலே விட்டுவிடும். அப்புறம் காற்றைப் பிடித்துக்கொண்டு பருந்து மாதிரி சுற்றவேண்டியதுதான். அவள் மகள் லோஜினி கொழும்பில் விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அப்படியே இதையும் ஓட்டப் பழகி, போன மாதம் லைசன்ஸும் எடுத்துவிட்டாளாம். லைசன்ஸ் என்று சொல்லும்போது அழகம்மாவின் குரல் தானாகவே உயர்ந்தது. கடையிலிருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"லயத்துப் புள்ளையா?" என்றார் ஹுசைன்.

"ஆமாங்க. நாங்க இன்னமும் தோட்டத்து லயத்துல, அந்த ஒத்த அறையிலதான் இருக்கோம்."

ஹுசைன் எழுந்தே நின்றுவிட்டார். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி ரஸீனாவைக் கூப்பிட்டு, இந்த அம்மாவின் பிள்ளை விமானம் ஓட்டுகிறாளாம் என்று, தானே பெற்று வளர்த்தவர் போலச் சொன்னார். ரஸீனா உடனே தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கொத்மலைக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் பறப்பு. லோஜினிக்கு ஓட்டப் பழக்கிய வாத்தியார் சரியான கண்டிப்பு. கண்ணாடி சரியில்லை என்றால் கிளைடரில் ஏறவே விடமாட்டாராம். இந்த ஞாயிறை விட்டால் மழை தொடங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இன்றைக்கே சரியானதை வாங்கியாக வேண்டும் என்றாள் அழகம்மா.

"இவ்வளவுதானே?" என்று ஹுசைன் கடையிலேயே உயர்ந்த, வெயில் கூசாமல் தடுக்கிற போலராய்ட் கண்ணாடியைத் துடைத்து நீட்டினார்.

"போலராய்ட் ஆகாதுங்க."

ஹுசைனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. டாக்டர்மார் போடுகிற சாமான், துரைமார் தேடி வந்து வாங்குகிற சாமான் என்று அடுக்கினார். அழகம்மா வாதாடவில்லை. தன் போனை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து மெல்லத் திருப்பினாள். திரை கறுத்துப்போய் எழுத்தெல்லாம் மறைந்தது. விமானத்திலுள்ள மீட்டர்களும் இப்படித்தான் மறைந்துபோகும், தூரத்தில் வருகிற இன்னொரு கிளைடரின் மினுக்கமும் தெரியாமல் போகும், அப்புறம் முட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்றாள். இருபது வருடக் கடைக்காரர் போலராய்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

அடுத்து வந்த கண்ணாடிக்குக் கை தடிப்பு. பக்கவாட்டில் வருவதை மறைக்கும் என்று தள்ளிவைத்தாள். அதற்கடுத்தது மையிருட்டு. மேக நிழலுக்குள் போனால் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி ஆகிவிடும் என்றாள். ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், தலையை நன்றாக அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். நழுவுகிறதா என்று குனிந்தும் பார்த்தாள். தெருவில் போனவர்கள் சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

ஹுசைனுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "கண்ணாடி ஆளுக்கு ஆள் மாறும்மா. புள்ளையக் கூட்டிட்டு வாங்க, அளவு பாத்துத் தாறேன். உம்மா மூக்குக்குப் பாத்து மகளுக்கு வாங்க ஏலாது."

"என் மூக்குக்கே பாருங்க நானா. அது போதும்."

தாயும் மகளும் ஒரே அச்சாக இருப்பார்கள்போல என்று நினைத்துக்கொண்டு ஹுசைன் மேல்தட்டில் தேடினார். கடைசியில் மெல்லிய கம்பிக் கையோடு, இளம் பழுப்பு நிறத்தில் ஒன்று அகப்பட்டது. போலராய்ட் இல்லை. அழகம்மா அதைப் போட்டு, அண்ணாந்து, குனிந்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஹுசைன் சின்ன ஸ்க்ரூவை முடுக்கி, மூக்கில் அசையாமல் உட்காரும்படி சரிசெய்து கொடுத்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பளபளக்கும் தாள் எடுத்து, நாடாவும் வெட்டி, கண்ணாடிக் கூட்டைச் சுற்றத் தொடங்கினார்.

"என்ட ஸலாத்தையும் புள்ளைக்குச் சொல்லுங்க. ஹட்டன் கண்ணாடி போட்டுத்தான் அவ பறக்கிறான்னு நான் ஊரெல்லாம் சொல்லுவேன்."

அழகம்மா கைநீட்டித் தடுத்தாள். "சுத்தாதீங்க நானா. அவகிட்ட நல்ல கண்ணாடி இருக்கு."

ஹுசைன் நாடாவும் கையுமாக நின்றார். தேத்தண்ணியோடு வந்த ரஸீனாவும் அப்படியே நின்றாள்.

"லைசன்ஸ் கெடச்சா மொத மொதல்ல ஒருத்தர ஏத்திக்கிட்டுப் போகலாமாம், யாரு வேணும்னு வாத்தியார் கேட்டுருக்காரு. அவ என் பேரக் குடுத்துட்டா" என்ற அழகம்மா, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "கூட ஏறுறவங்களும் நாலு பக்கமும் பாத்துச் சொல்லணுமாம். ஞாயித்துக்கெழம எம் மககூடப் பறக்கப்போறது நான்தாங்க."