ஸ்பீக்கர் வேண்டாம்

சவுண்டு கார்டைப் பொருத்தி, டிரைவரையும் ஏற்றியாயிற்று. ஆனாலும் திரையில் அந்த மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கம்ப்யூட்டர் மெக்கானிக் தலையைச் சொறிந்தான்.

"என்னப்பா முழிக்கிற?" வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"டிரைவர்ங்கறது கார்டுக்கும் விண்டோசுக்கும் நடுவுல பேச்சு கொண்டுபோற ஆளு சார். நான் போட்டது புதுசு, உங்க விண்டோஸ் பழசு. அதான் புரியாம முழிக்குது, என்னை மாதிரியே."

பழைய டிரைவரைத் தேடி ஏற்றி, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டான். மஞ்சள் குறி மறைந்தது.

"ஸ்பீக்கர் எங்க சார்? பாட்டு போட்டுப் பாத்துடலாம்."

வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். "ஸ்பீக்கர் வேண்டாம். ரெக்கார்டு ஆனாப் போதும்."

கார்டில் சொருகியிருந்த மைக் வயர் சுவரைத் துளைத்துப் பக்கத்து அறைக்குப் போவதை அப்போதுதான் கவனித்தான். தன் ஹெட்போனை மாட்டிப் பார்த்தான். ஒரு பெண் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே அடி தாங்க முடியாதுக்கா. நாளைக்கு அவர் ஆபீஸ் கிளம்பினதும் குழந்தையத் தூக்கிட்டு வந்துடறேன்."

"என்ன கேக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"வெறும் இரைச்சல் சார். டிரைவர் சரியாத்தான் இருக்கு, கார்டுதான் அவுட்டு. வேற வர ரெண்டு நாளாகும்."

கணினிக்குக் காது என்றால் அந்தக் கார்டுதான். அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டான்.