வாய்க்கால் பாலத்தில் ஒரு சீமைக்கார்

"மனுசனா இவன்?" என்று பல்லைக் கடித்தார் நல்லகாமன்.

சமயநல்லூருக்கு முன்னால் ஒரு குறுகலான வாய்க்கால் பாலம். அதன் நட்டநடுவில் சீமைக்கார் ஒன்று நின்றுபோய்க் கிடந்தது. அதற்குப் பின்னால் அவர் மகள் முத்துத்தாயின் கல்யாண பஸ். மதுரைக் கோயிலில் ஒன்பது மணிக்குள் தாலி ஏற வேண்டும். மணி எட்டேகால். நேரம் தப்பினால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது?

வாடிப்பட்டியிலிருந்து வந்த சனம் பூராவும் இறங்கித் தள்ளியது. ம்ஹூம். வயலில் உழுதுகொண்டிருந்த சோணைமுத்துவின் மாடுகளைப் பூட்டி இழுத்தார்கள். மாடுகளுக்கு நுரை தள்ளியதுதான் மிச்சம்.

இம்புட்டுக்கும் கார்க்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார். இறங்கி ஒரு கை கொடுப்போம் என்று தோன்ற வேண்டாமா? ஜன்னல் வழியாக உபதேசம் வேறு. கியர் தானாக மாறுகிற வண்டியாம், கிளட்சே கிடையாதாம். கியர் கம்பி அறுந்து சக்கரம் பூட்டிக்கொண்டதாம். அடியில் புகுந்து, கியர் பெட்டியில் இருக்கிற பிடியைக் கையாலேயே நியூட்ரலுக்குத் தள்ளினால் உருளுமாம்.

பஸ் டிரைவர் மருது இரண்டு தரம் உள்ளே புகுந்து, முகமெல்லாம் எண்ணெயோடு வெளியே வந்தான். பதினெட்டு வருசமாக வண்டி ஓட்டியும் இந்த மாதிரிப் பெட்டியைக் கண்டதில்லை என்று கையை விரித்துவிட்டான்.

மணி எட்டரை. நல்லகாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. கார் ஜன்னலில் குனிந்தார்.

"ஐயா, என் பொண்ணு வாழ்க்கை. நீங்களே இறங்கிப் பாத்தா கௌரவம் கொறஞ்சா போயிரும்?"

கார்க்காரர் பஸ்ஸை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து, இரண்டு கைகளையும் ரோட்டில் ஊன்றிச் சரிந்தார்.

இடது கால் தொடைக்குக் கீழே இல்லை.

இடது காலால் மிதிக்கிற கிளட்ச் இல்லாத வண்டியை ஏன் வாங்கினார் என்று மருதுவுக்கு அப்போதுதான் விளங்கியது.

வெள்ளை வேட்டியோடு மல்லாந்து படுத்து, முழங்கையால் உந்தி உந்தி வண்டிக்கு அடியில் போனார். கண்ணுக்கு எட்டாத இடத்தில் கையை விட்டுத் துழாவினார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவர் வெளியே வந்ததும் கல்லை எடுத்தார்கள். அம்மாடி, அத்தனை பேர் தள்ளியும் அசையாத வண்டி, மாடுகளுக்குப் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி உருண்டு போனது. நல்லகாமன் தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

கார்க்காரரைத் தூக்கி உட்கார வைத்துத் தன் துண்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டார்.

"இம்புட்டு லேசா முடிஞ்சிருச்சே. முன்னாலயே இறங்கியிருக்கலாமேய்யா?"

"இறங்கியிருப்பேன்." பஸ் பக்கம் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார் அவர். "கல்யாணத்துக்குப் போற பொண்ணு எதிர்ல ஒரு நொண்டி வந்தா ஆகாதும்பீங்களேன்னுதான் உக்காந்திருந்தேன்."