அரை நிலாக் காசு

"அக்கா, அந்த ஆள் உங்களை நல்லா ஏமாத்துறார்."

அனுஷா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தோசையைத் திருப்பிப் போட்ட அம்புஜம் அக்கா நிமிரவில்லை.

"எந்த ஆளு?"

"காசு பொறுக்க வருவாரே, அவர்தான்."

"அவரா!" அக்கா சிரித்துக்கொண்டாள்.

பெங்களூர் ஆடுகோடியில் பட்டறைத் தெரு முனையில் இருக்கிறது அம்புஜம் அக்காவின் டிபன் கடை. ஆபீஸ் போகும் வழியில் அனுஷாவுக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான்.

சொல்லி வாய் மூடவில்லை, அலெக்சாண்டர் வந்துவிட்டார். பீன்யா தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் அச்சு செதுக்கி ஓய்வு பெற்றவர். இடது காலை இழுத்து இழுத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அம்புஜம், டப்பா!"

அக்கா சில்லறை டப்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்தாள். அவர் அதைத் தட்டில் கவிழ்த்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு காசாகப் புரட்டினார்.

"ஆஹா! சிக்கிட்டான்யா!"

தோசைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ரெண்டு ரூபாய்தான். ஆனா பாருங்க, படம் ஒரு பக்கமா ஒதுங்கிப்போய், மிச்ச இடம் அரை நிலாவாட்டம் வெறுமையா இருக்கு. எப்படி ஆச்சு தெரியுமா? காசு அடிக்கிற மெஷின்ல கீழ ஒரு அச்சு, மேல ஒரு அச்சு. நடுவுல வெறும் வில்லை வந்து உட்காரணும். கண் மூடித் திறக்கறதுக்குள்ள மேலச்சு இறங்கிடும். இந்த வில்லை சரியா உட்காரல. அதுக்காக அச்சு காத்திருக்குமா? போட்டுது ஒரு போடு!"

"அப்போ டிஃபெக்ட் பீஸா சார்?" என்றார் ஒருவர்.

"டிஃபெக்டா! சில நேரம் அடிச்ச காசு மேலச்சுலயே ஒட்டிக்கும். அடுத்த வில்லை மேல அந்தக் காசோட முகம்தான் பதியும். ரெண்டு பக்கமும் சிங்கம். ஒண்ணு மேடு, ஒண்ணு பள்ளம்! இதையெல்லாம் அங்கேயே பொறுக்கித் தள்ளிடுவாங்க. அவங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு வந்தவன் இவன். சரியா அடிச்ச காசு கோடிக்கணக்குல இருக்கு சார், ஒண்ணு போலவே ஒண்ணு. தப்பா அடிச்சது ஒவ்வொண்ணும் உலகத்துல ஒண்ணே ஒண்ணு."

சொல்லும்போது அவர் முகமே புதுக்காசு மாதிரி இருந்தது. பையிலிருந்து வேறொரு இரண்டு ரூபாயை எடுத்து டப்பாவில் போட்டார். கோணல் காசைக் கைக்குட்டையில் சுற்றினார்.

"சரிக்குச் சரி, அம்புஜம்."

அனுஷாவால் அதற்குமேல் முடியவில்லை.

"என்ன அங்கிள் சரிக்குச் சரி? அந்தக் காசு வெளியில என்ன விலைக்குப் போகும்னு அக்காகிட்ட சொன்னீங்களா?"

கைக்குட்டையோடு அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்மா, உனக்குச் சட்னி வேணுமா வேணாமா?" கரண்டியோடு நடுவில் புகுந்தாள் அக்கா. "சார், நீங்க கிளம்புங்க. வெயில் ஏறிடும்."

அவர் கைக்குட்டையைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

"அக்கா, நெட்ல பார்த்தேன். ஆயிரக்கணக்குல போகுதாம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"நீங்கல்லாம் போனைக் காட்டிட்டுப் போயிடறீங்க. என் டப்பாவுல சில்லறை விழறதே அபூர்வம். அதுல வாரம் தவறாம கோணக் காசு எங்கேருந்து முளைக்குது? அதை யோசிச்சியா?"

அனுஷா டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"எரடு நிமிஷா சார்" என்று பார்சலுக்கு நின்றவரைக் கன்னடத்தில் சமாதானப்படுத்திவிட்டு, அக்கா கிட்டே வந்தாள்.

"ஸ்ட்ரோக் வந்தப்புறம் மனுஷன் கட்டிலை விட்டு இறங்கல. நடந்தாதான் கால் வரும்னு டாக்டர் சொல்லிட்டார். பிள்ளை கெஞ்சினான், மருமக மௌரீன் அழுதுச்சு. ம்ஹூம். ஒரு நாள் மௌரீன், 'அப்பா, அம்புஜம் அக்கா டப்பாவுல ஏதோ கோணக் காசு கிடக்குதாம்'னு சும்மா சொல்லி வெச்சுது. உடனே செருப்பைத் தேடினாராம்! அன்னிக்கு ஆரம்பிச்ச நடை."

"அப்போ அந்தக் காசெல்லாம்?"

"அவர் ஆல்பத்துல இருக்கறதுதான். அலமாரியைப் பூட்ட மறந்துடறாராம். மௌரீன் ஒண்ணை உருவிட்டு வந்து, ஸ்கூட்டியில போறப்ப டப்பாவுல போட்டுட்டுப் போகும். அவர் எடுத்துட்டுப் போய்த் திரும்ப ஆல்பத்துல வெப்பார். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் ஞாபகம் மட்டு, பாவம். கண்டுபிடிக்கறதில்ல."

இட்லியைப் பாதியில் விட்டு அனுஷா ஓடினாள். தெருத் திருப்பத்தில் லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் அலெக்சாண்டர்.

"ஸாரி அங்கிள். தெரியாம கேட்டுட்டேன்."

"அம்புஜத்துக்காகக் கேட்டே. அப்படித்தான்மா கேக்கணும்." கைக்குட்டையைப் பிரித்துக் காசைப் பார்த்தார். "மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் குடுத்த சில்லறையில வந்தவன் இவன். என் முதல் கோணக் காசு."

அனுஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கிள்... அப்போ உங்களுக்கு..."

"உலகத்துல ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னேனே. அது எப்படிம்மா ரெண்டாந்தரம் கிடைக்கும்?" சிரித்தார். "அம்புஜம் எல்லாம் சொல்லியிருப்பா. நீ மௌரீன்கிட்ட மூச்சு விட்டுடாதே. வீட்டுக்குப் போய், 'கிடைச்சுதும்மா'ன்னு நான் சொல்றப்ப அந்தப் பொண்ணு சிரிக்கும் பாரு, அதுக்கு இன்னும் ரெண்டு தெரு நடக்கலாம்."

காலை இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர், நின்று திரும்பினார்.

"நல்லவேளை, ஞாபகம் வந்துது. இன்னிக்கும் அலமாரியைப் பூட்டாம வெக்கணும்."