வைக்கோல் முகமூடிக்குள்

"கதவைத் தொறக்காத, ஃபிடெல்மா! அந்தக் கும்பல்ல உங்கண்ணனும் இருப்பான்."

"குருவித் திருநாள் அதுவுமா ஆட வந்தவங்களத் திருப்பி அனுப்பக் கூடாதுங்க."

தங்கையும் அவள் புருஷனும் போடும் சண்டை, அயர்லாந்தின் டிங்கிள் ஊர் வீதியில், வீடு வீடாக ஆடிப் போகும் கும்பலோடு வைக்கோல் முகமூடி போட்டு நிற்கும் கோல்மனுக்கு நன்றாகவே கேட்கிறது. போன வருடம் இதே கிறிஸ்துமஸ் மறுநாள், "அம்மா கூப்பிடறாங்க" என்று அவள் ஆளனுப்பியும், இன்னும் ஒரே ஒரு தெரு என்று முரசடித்துக்கொண்டிருந்தான். அவன் போவதற்குள் அம்மா போய்விட்டாள். கதவு திறக்கிறது. குழல்கள் ஒலிக்கின்றன, வைக்கோல் பாவாடைகள் சரசரக்கின்றன. அவன் தோளில் தொங்கும் முரசு மட்டும் ஊமையாகக் கிடக்கிறது. வரிசையாகக் கேக் கொடுத்து வருகிற ஃபிடெல்மா அவன் முன்னால் நிற்கிறாள். அவள் பார்வை அந்த முரசின் மேல் நிற்கிறது.

"அடிங்க. எங்கம்மா கடைசி மூச்சு வரைக்கும் இந்த முரசுச் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க."

வைக்கோலுக்குள் அவன் கன்னம் நனைகிறது. அவன் முரசை அடிக்கட்டுமா, முகமூடியைக் கழற்றட்டுமா? உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே எழுதுங்கள்.