கருங்கோட்டைக் கழுதைக்காரன்

"ஏலே கழுதைக்காரா! குரு வந்திருக்காரு, நீ இரிக்கியோ? எந்திரிலே!"

அபின் போட்ட சத்தத்துல ராஜையன் பாயிலிருந்து துள்ளி எந்திரிச்சாரு. அவருக்கு வயசு அம்பத்தி ரெண்டு. அபினுக்கு இருபத்தாறு.

ஜாஸ்மி அபினை முறைச்சா.

குலசேகரத்துல அவ வீட்டு மாடியில, ஞாயித்துக்கிழமை மூணு மணியானா இந்த ஆட்டம்தான். ஆளுக்கொரு வேஷம், நடுவுல ஒரு பகடை, மத்ததெல்லாம் வாய். ரிஜோ ராஜா. அபின் தலைமைக் குரு. கதைய நடத்துறது ஜாஸ்மி. கருங்கோட்டைன்னு ஒரு நாட்டையே அவதான் உண்டாக்கினா, சட்டமும் அவ எழுதினதுதான். குரு வந்தா ராஜாவே குதிரைய விட்டு இறங்கணும். குருவுக்கு வரி கிடையாது, அடி கிடையாது. அவரு பேச்சுக்கு எதிர்ப்பேச்சும் கிடையாது. பந்தியில முதல் இலை அவருக்குத்தான்.

எழுதும்போது நல்லாத்தான் இருந்துது. பகடை அந்தப் பதவிய அபின் கையில தூக்கிக் கொடுக்கும்னு அவ கண்டாளா?

அபின் மைக் செட்டு போடுறவன். மைக் இல்லாமலே ரெண்டு தெருவுக்குக் கேக்கும். பதவி வந்த மூணு மாசமா சாயாவோட வர்ற பழம்பொரியில, அதான் வாழைப்பழ பஜ்ஜியில, முதல் துண்டு அவனுக்கு, ஃபேனுக்கு நேரா உள்ள நாற்காலியும் அவனுக்கு. ராஜா ரிஜோ இறங்கி இறங்கி, "மக்கா, இல்லாத குதிரைக்கே எனக்கு முட்டு வலிக்கு"ன்னு பொலம்புவான்.

அதையாவது பொறுத்துக்கலாம். ராஜையனப் போட்டு படுத்துற பாட்டத்தான் ஜாஸ்மியால பாக்க முடியல்ல.

அவரை ரெண்டு மாசம் முன்ன கூட்டிட்டு வந்ததே அபின்தான். தலையில தொப்பி, ஒரு நீல டீ-சர்ட்டு, களியக்காவிளையிலிருந்து பஸ்ஸு. "என்ன வேலை அண்ணே?"ன்னு ரிஜோ கேட்டதுக்கு, "பேச்சு வேலதான் தம்பி"ன்னு சிரிச்சாரு. இன்சூரன்ஸ் ஏஜெண்டா இருக்கும்னு ரிஜோ அண்ணைக்கே ரெண்டடி தள்ளி இருந்தான். என்ன வேஷம் வேணும்னு ஜாஸ்மி கேட்டா. "இருக்கதுலயே கீழ உள்ளது எதுவோ அதத் தாருங்க"ன்னாரு.

அப்படிக் கிடைச்சதுதான் கழுதைக்காரன்.

"குருவே, கழுதைக்குத் தண்ணி காட்டியாச்சு."

"கழுதைக்குக் காட்டினே, சரி. எனக்க காலை யாருலே கழுவுவா? ஒனக்க கழுதையா?"

ராஜையன் சிரிச்சாரு. அவமானத்த மறைக்கத்தான் சிரிக்காருன்னு ஜாஸ்மிக்குத் தோணிச்சு. கையில இருந்த பகடையை டப்புன்னு வச்சா.

"அபினே, வேஷம் வேற, மரியாதை வேற. ஒனக்க அப்பா வயசு அவருக்கு. இன்னொரு தடவ ஏலே கீலேன்னு கேட்டுது, பின்ன இந்தப் படி ஏறாத."

"சட்டம் நீ எழுதினதுதானேட்டி? குருவுக்கு எதிர்ப்பேச்சு உண்டா?"

"எழுதின கையாலயே கிழிப்பேன். பாக்கணுமா?"

அந்நேரம் படியில செருப்புச் சத்தம். ஜாஸ்மிக்க சித்தி ஜெபகுமாரி, கட்டிக் கொடுத்தது களியக்காவிளையில, ஒருநாள் இருந்துட்டுப் போக வந்தவ. சாயாத் தட்டோட மேல வந்து, அப்படியே நின்னுட்டா.

"ஆண்டவரே! எங்க சபை போதகரய்யால்லா இது! ஏட்டி ஜாஸ்மி, ஐயாவைத் தரையிலயா இருத்தி வச்சிருக்க?"

மாடியே மாறிப் போச்சு.

சித்தி சேலைத் தலைப்பால நாற்காலியத் துடைச்சா. அபின் எந்திரிக்க இன்னும் ரெண்டு செகண்டு பிந்தியிருந்தா, அவனையும் சேர்த்துத் துடைச்சிருப்பா. "ஐயா இரியுங்க... ஏட்டி, நல்ல கிளாஸ் எடுத்துட்டு வா. ஐயா ஜெபம் பண்ணாம ஒருத்தரும் கை வைக்கப்பிடாது, ஆமா!"

வாய்க்குப் பக்கத்துல போன பழம்பொரிய ரிஜோ தட்டுலயே திரும்ப வச்சான்.

ராஜையன் தொப்பியக் கழத்தினாரு. சின்னதா ஒரு ஜெபம் சொன்னாரு. முதல் துண்டை எடுத்து அவரு கையிலயே கொடுத்தா சித்தி. எல்லாரும் கையக் கட்டிட்டு அவரையே பாத்துட்டு நின்னாங்க.

"இருங்கப்பா எல்லாரும்,"ன்னாரு அவரு.

"பரவாயில்ல ஐயா,"ன்னான் ரிஜோ. ரெண்டு மாசமா அண்ணேன்னு கூப்பிட்டவன்.

ஜாஸ்மிக்கு அபின் மேலதான் மொத்தக் கோவமும். "ஒனக்கு இவரு யாருன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அவுங்க சபை கன்வென்ஷனுக்கு ஏழு வருஷமா மைக் செட்டு நான்தானே."

"தெரிஞ்சிருந்துமா காலைக் கழுவச் சொன்னே? படுபாவி!" அவ ராஜையன் பக்கம் திரும்பினா. "ஐயா, எங்களுக்குத் தெரியாமப் போச்சு. இனி நீங்கதான் குரு. இவன் கழுதைக்காரன். டேய், ஐயாகிட்ட மன்னிப்பு கேளு. இல்லேன்னா இண்ணையோட ஒனக்கு இங்க ஆட்டம் கிடையாது."

அபின் ராஜையனைப் பாத்தான். ராஜையன் அபினைப் பாத்தாரு. அபினுக்கு இந்த ஆட்டத்த விட்டா ஞாயித்துக்கிழமை போறதுக்கு வேற இடமில்ல. மெல்ல ரெண்டு கையையும் கூப்பினான்.

"ஐ..."

ராஜையன் சட்டுன்னு அந்தக் கையப் பிடிச்சு இறக்கிவிட்டாரு. நாற்காலிய விட்டு எந்திரிச்சு, பழையபடி பாயில போய் இருந்தாரு.

"வேண்டாம் மோளே. ஊழியத்துக்கு வந்து இருபத்தி மூணு வருஷமாச்சு. என்னைய ஏலேன்னு கூப்பிடுங்கன்னு எத்தனையோ பேருகிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன், சம்மதிச்சது இவன் ஒருத்தன்தான். இவனையும் ஐயான்னு கூப்பிட வச்சிராத."