உழுது போட்ட பாதை

வேலியோரக் கற்களில் அடித்த மஞ்சள் பெயின்ட் இதுவரை வழிகாட்டிய நடைபாதை இந்த வயலோடு முடிந்துபோகிறது. யாரோ அதையும் சேர்த்து உழுதுவிட்டார்கள். சாயங்கால வெயிலில் புரண்டு கிடக்கும் மண்கட்டிகள் ஈரமாக மின்னுகின்றன. அந்தப் பக்கம் வெறும் மரங்கள்தான் தெரிகின்றன. அக்கா கைத்தடியை ஊன்றி நிற்கிறாள். சுருட்டிவிட்ட பேன்ட்டுக்குக் கீழே, முட்டியில் ஆபரேஷன் செய்த தழும்பு வியர்வையில் பளபளக்கிறது. "மாமாவுக்குப் போன் போடட்டுமாக்கா? கார் எடுத்துட்டு வருவாரு," என்கிறாள் தங்கை மெதுவாக. "வருவாரு என் வீட்டுக்காரரு. அதுக்காகத்தானே போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. நான் இந்த நடையை முடிக்காம பாதியில திரும்பிடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரே." அக்கா குனிகிறாள். முட்டி மடங்க மறுக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குகிறாள். ஷூக்களைக் கழற்றி, கயிறுகளை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு வயலுக்குள் கால் வைக்கிறாள். கணுக்கால்வரை புதைகிறது. தூரத்தில் உழுதுகொண்டிருக்கும் டிராக்டர்காரர் எழுந்து நின்று கத்துகிறார்: "அம்மா, அந்தப் பக்கம் வழி இல்லம்மா!" "இருந்துச்சு! நீங்கதான் உழுதுட்டீங்க!" என்று அக்கா திருப்பிக் கத்துகிறாள். டிராக்டர் சத்தம் நின்றுவிடுகிறது. அந்த அமைதியில், மண்ணிலிருந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி அவள் போய்க்கொண்டிருக்கிறாள். தங்கை போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தன் ஷூ கயிற்றை அவிழ்க்கிறாள்.