கோப்பையில் விழுந்த பந்து

பந்து நேராகப் பந்தக்காவின் தேநீர்க் கோப்பைக்குள் போய் விழுந்தது. தேநீர் அவள் மூக்குவரை தெறித்தது.

"தெரியாம விழுந்துடுச்சுக்கா," என்றாள் வாலு. அவள் முகத்தில் அப்பாவித்தனம் வழிந்தது. கூடத்திலிருந்த மற்றப் பிள்ளைகள் அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

பந்தக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றும் இதே பந்து, இதே கோப்பை. சனியன், இவ்வளவு பெரிய கூடத்தில் விழுவதற்கு வேறு இடமா இல்லை என்று முனகிக்கொண்டே துணிப்பந்தைப் பிழிந்தாள்.

சர்க்கஸ் வித்தை கற்றுக்கொடுப்பதற்காகச் சம்பளமில்லாமல் கடல் தாண்டி வந்தவள் அவள். பந்தக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஆதரவில்லாத பிள்ளைகள் தங்கியிருந்த அந்த விடுதியில் நல்லவேளையாக அவளுடைய மொழிதான் பேசினார்கள். ஆனால் அவள் சொல்வது மட்டும் ஒருத்தர் தலையிலும் ஏறவில்லை. கயிற்றில் ஏற்றினால் முதல் அடியிலேயே தொப்பென்று விழுந்தார்கள். மூன்று பந்துகளைக் கொடுத்தால் மூன்றும் தரையில் கிடந்தன.

வந்த அன்று அவளாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? "ஒருத்தராவது மூணு பந்தையும் கீழ விடாம போட்டுப் பிடிக்கிற வரைக்கும் நான் ஊருக்குக் கிளம்ப மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சபதம் செய்துவிட்டாள். இப்போது அந்தச் சபதம் கழுத்தைப் பிடித்தது.

கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து அண்ணன்.

"என்ன, உன் சிஷ்யப் பிள்ளைங்க ஏதாவது தேறுமா?"

"இன்னும் ஒருத்தருக்கும் வரலண்ணா."

"எத்தனை தடவைதான் டிக்கெட்டை மாத்துவ? நீச்சல் பாதி, தையல் பாதி, வக்கீல் படிப்பும் பாதி. இப்போ இதுவுமா?"

"இதை முடிச்சுட்டுத்தான் வருவேன்."

"சரி, முடி. ஒரே ஒரு பிள்ளைக்கு வந்துட்டாலும் சொல்லு. இனிமே உன்னை ஒரு வார்த்தை சொன்னா ஏன்னு கேளு."

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. ஒன்றையாவது முழுதாக முடித்தேன் என்று வாழ்க்கையில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

இருப்புக்கொள்ளாமல் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஜன்னலைத் திறந்தாள், உடனே மூடினாள். சுருட்டி வைத்த விரிப்பைத் திரும்பவும் விரித்தாள்.

"அக்கா, நீங்க நடக்கிற நடைக்குத் தரையே தேஞ்சுடும் போல," என்றான் கயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடந்த ஒருவன்.

அவள் அதைக் காதில் வாங்காமல் வாலுவிடம் போனாள். "கையைப் பார்க்காத, மேலே பாரு. ஒண்ணு உச்சிக்குப் போனதும் அடுத்ததை விடு. அவசரமே வேண்டாம்."

வாலு பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். பந்துகள் பொத்துப்பொத்தென்று விழுந்தன. "எனக்கு இது வராதுக்கா."

"வராதது உனக்கில்லம்மா. எனக்குத்தான் சொல்லிக்குடுக்க வரல." பந்தக்கா குனிந்து பந்துகளைப் பொறுக்கினாள். "நான் நாளைக்கே கிளம்பறேன். நல்லா தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லிக்குடுக்கட்டும்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாலு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

பந்தக்கா மூட்டையைக் கட்டும் முன் கோப்பையைக் கழுவி வைக்கலாம் என்று சமையலறைக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே வாலு சுவரை வெறித்துப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். யோசனையில் சில பிள்ளைகள் நகம் கடிப்பார்களே, அதுபோல அவள் கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. அவள் தலைக்கு மேல் ஐந்து சின்ன வெங்காயங்கள் வட்டமடித்தன. ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

பந்தக்காவின் கையிலிருந்து கோப்பை நழுவியது. வாலு திரும்பி, அது தரையைத் தொடும் முன் ஒரு கையால் பிடித்தாள். மற்றக் கையில் ஐந்து வெங்காயங்களும் வந்து அடைந்திருந்தன.

"எப்போ கத்துக்கிட்ட?"

வாலு தலையைக் குனிந்துகொண்டாள். "போன வருஷம் உங்கள மாதிரியே சொல்லிக்குடுக்க ஒரு அண்ணன் வந்தாருக்கா. எல்லாருமே மளமளன்னு கத்துக்கிட்டோம். அவரும் சந்தோஷமா கைதட்டிட்டு, வந்த வேலை முடிஞ்சுதுன்னு ஊருக்குப் போயிட்டாரு. அதான், இந்தத் தடவை யாரும் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாதுன்னு பேசி வெச்சுக்கிட்டோம்."

"அப்போ என் டீயில விழுந்த பந்து?"

"அது குறி பார்த்துப் போட்டதுதான்."

பந்தக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அதற்குள் மற்றப் பிள்ளைகளும் வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. வாலு பிடித்த கோப்பையை விடவேயில்லை.

மறுபடியும் கைப்பேசி. மறுபடியும் அண்ணன்.

"டிக்கெட் போடுற இடத்துல நிக்கறேன். கடைசியா கேக்கறேன், ஒரு பிள்ளைக்காவது வந்துச்சா இல்லையா?"

முடித்துவிட்டேன் என்று சொல்ல வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லண்ணா, இன்னும் ஒருத்தருக்கும் வரல."